ஸ்பேமில் ஓர் உயிர்!

ட்ரிங்... ட்ரிங்...

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் போன் அலறியது.

இன்ஜினியர் எடுத்தான்.

"மருந்து கம்பெனியிலருந்து பேசறேன்! உங்க ஸ்டோருக்கு மெயில் மேல மெயில் போட்டும் பதிலே இல்ல... உங்களுக்கு வந்த புது மயக்க மருந்துல கோளாறு! ஒரு ஊசி போட்டாலும் ஆள் காலி!"

இன்ஜினியர் துள்ளி எழுந்தான்.

அக்கா!

சற்று முன்தான் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

எதிர் நாற்காலியில் அக்காவின் கணவர். இதே ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோர் அதிகாரி.

"என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி முழிக்கறே?"

"மயக்க மருந்து விஷமாம் மாமா! உங்க ஸ்டோர் மெயிலுக்கு அனுப்பியிருக்காங்க!"

"ஐயையோ! ஒண்ணும் வரலியேடா!"

தியேட்டருக்குப் போன் அடித்தான். நர்ஸ் எடுத்தாள்.

"போன்ல சொன்னா டாக்டர் நிறுத்தமாட்டார் சார். எவனோ விளையாட்டுக்குப் போன் பண்ணி, போன மாசம் ஒரே ரகளை! ஸ்டோர் இன்பாக்ஸ்ல மெயில் விழுந்தா இங்க திரையில தெரியும். அதான் ரூல்."

"ஊசி போட்டாச்சா?"

"சிரிஞ்சைக் கையில எடுத்துட்டாங்க... சீக்கிரம்!"

லைனைத் துண்டிக்காமலே ஸ்டோர் மெயிலைத் திறந்தான். இன்பாக்ஸ் காலி.

ஸ்பேம்?

இருந்தது! லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தலை வைத்தியத்துக்கும் நடுவே... 'உடனே நிறுத்தவும்!'

'ஸ்பேம் இல்லை' என்ற பொத்தானை அழுத்தினான். மெயில் இன்பாக்ஸுக்குத் தாவியது.

அடுத்த நொடி... காணோம்!

மறுபடி ஸ்பேமில்!

மறுபடி அழுத்தினான். மறுபடி ஓடியது!

"மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சா மாப்ளே?"

"மிஷின் இல்ல மாமா! யாரோ இதே பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு, திரும்பத் திரும்ப ஸ்பேம்ல தள்றாங்க!"

"எந்தப் பாவிடா அவன்? நானும் டாக்டருக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன்... எடுக்கமாட்டேங்கறான்!" மாமாவின் கட்டைவிரல் போனைக் குத்திக்கொண்டே இருந்தது.

இன்ஜினியர் பாஸ்வேர்டை மாற்றினான். பெட்டிக்குள் இருந்த அத்தனை பேரையும் ஒரே தட்டலில் வெளியே தள்ளினான். மெயிலை இன்பாக்ஸில் போட்டான்.

நின்றது!

போனில் நர்ஸ் கத்தினாள். "வந்துடுச்சு! டாக்டர்... நிறுத்துங்க!"

மூச்சு விட்டான்.

டிங்!

சத்தம் மாமாவின் கையிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தான்.

'ஸ்டோர் மெயிலிலிருந்து வெளியேற்றப்பட்டீர்கள்.'

"மாமா... டாக்டருக்குத்தானே அடிச்சீங்க?"

மாமாவின் முகம் கல்லானது. "விவாகரத்து வேணுமாம்டா அவளுக்கு... என்கிட்டயே கேக்கறா!"

கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு, செக்யூரிட்டியைக் கூவிக்கொண்டே தியேட்டருக்கு ஓடினான் இன்ஜினியர்.

ஸ்ட்ரெச்சரில் அக்கா. ஊசி ஏறவில்லை. முழு விழிப்பு. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான்.

அவள் அழவில்லை. முறைத்தாள்.

"கல்யாணப் பேச்சு எடுத்தப்பவே சொன்னேன், இந்த ஆள் ஸ்பேம்னு! நீயும் அப்பாவும்தானேடா 'ஸ்பேம் இல்லை'ன்னு அமுக்கினீங்க!"