கடா தின்ற காகிதக் கப்பல்

மூங்கில் வேலை முழுக்க என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் காகிதத்தைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காகிதம் எதன்மேல் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

என் பெயர் உசைனு. வயது பன்னிரண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இருக்கிற எங்கள் பாஞ்சுல் நகரத்தில் தெருவுக்குத் தெரு ஃபனால் என்கிற விளக்குக் கப்பல் கிளம்பும். மூங்கிலில் கப்பல் கட்டி, வெள்ளைக் காகிதத்தைப் பூப்பூவாக வெட்டி ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து, மேளத்தோடு வீடு வீடாகத் தூக்கிப்போவோம். எங்கள் தெருவில் மாதா கோவிலுக்குப் போவது செசிலியா அத்தை வீடு ஒன்றுதான். ஆனால் கப்பல் எல்லோருக்கும் சொந்தம். மசூதிக்குப் போகிற நாங்கள்தான் அதற்காக விழுந்து விழுந்து வேலை செய்வோம்.

போன வருஷம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ரொட்டிக்கடை முன்னால் வந்ததும் எங்கள் கப்பலின் பாய்மரம் மடக்கென்று உடைந்தது. கப்பல் சாய்ந்து சாக்கடையில் விழுந்தது. மானம் கப்பலேறும் என்பார்களே, எங்கள் மானம் கப்பலோடு சேர்ந்து சாக்கடைக்கே போனது. பக்கத்துத் தெரு சைக்குவுக்கும் அவன் கூட்டத்துக்கும் வெறும் வாயை மெல்லும்போது அவல் கிடைத்த மாதிரி. பதினைந்து வயசுத் தடியன்கள், வருஷம் முழுக்க எங்களைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கப்பலுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பாய்மரம் கட்டியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

அதனால் இந்த வருஷம் எங்கள் கப்பல் முழுசாகத் தெருமுனை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலையை மூன்று பேர் பிரித்துக்கொண்டோம். மூங்கில் நான். காகிதம் வெட்டுவது ரோஹி. அவளுக்குப் பதினொன்று. தாளை எட்டாக மடிப்பாள், நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு சின்னக் கத்தரியால் இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி கொடுப்பாள். பிரித்தால் மீனும் நட்சத்திரமும் வரிசையாக வந்து நிற்கும். கோடு போட்டு வெட்டுகிற பழக்கமே கிடையாது. விழுகிற துண்டுகளைக்கூட எறியமாட்டாள். ஒரு பெரிய தக்காளி டின்னில் போட்டு வைப்பாள்.

ஒட்டுகிற வேலை சிராவுக்கு. சிரா அதிகம் பேசமாட்டாள். அவள் வீட்டில் பக்ரீத்துக்கு வளர்க்கிற செம்மறிக் கடா ஒன்று உண்டு. பெயர் புபா. எடை என்னைவிட அதிகம். அதற்குத் தழை போடுவது, கட்டுவது, அவிழ்ப்பது எல்லாம் அவள்தான்.

மூன்று வாரம் வேலை நடந்தது. இருபத்துநாலாம் தேதி மதியம், கப்பலின் வலப்பக்கம் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பசை தீர்ந்துபோனது. கோதுமை மாவு கேட்டு வீடு வீடாகப் போனோம். பண்டிகை நாளில் யார் வீட்டில் மாவு இருக்கும்? எல்லாம் உருண்டையாகி எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ரோஹி உள்ளே போனாள். சட்டி நிறையப் பசையோடு வந்தாள். சிரா ஒட்டி முடித்தாள். கப்பலை ரோஹி வீட்டு முற்றத்தில், இடப்பக்கம் சுவரை ஒட்டினாற்போல வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் புபா நின்றிருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அதுவும் உள்ளே போனது.

வலப்பக்கம் மூக்கிலிருந்து வால்வரை வெறும் மூங்கில். எலும்பு மட்டும் பாக்கி வைத்த மீன் மாதிரி இருந்தது.

நான் காகிதக் கடைக்கு ஓடினேன். காலையிலேயே மற்ற தெருக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு தாள்கூட இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். மணி இரண்டரை. ஏழு மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும்.

திரும்பி வந்த வேகத்தில் கோபத்தை எல்லாம் சிரா தலையில் கொட்டினேன். ஒரு ஆட்டை ஒழுங்காகக் கட்டத் தெரியாதா என்றேன். அவள் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். கயிறு அறுந்திருக்கவில்லை. நுனியில் முளைக்குச்சி மண்ணோடு தொங்கியது. புபா முளையையே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுமை இல்லை.

"உன் கடாவ இழுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. சாயங்காலம் நீ கப்பல் தூக்க வரவேண்டாம்" என்றேன்.

சொன்னேன். இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

ரோஹி பசைச் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு!

"அவளைத் திட்டாத. கோதுமை கிடைக்கலன்னு கம்பு மாவைப் போட்டேன். நல்லா ஒட்டட்டும்னு ரெண்டு பிடி சர்க்கரையும் போட்டேன். இந்த வாசனைக்குப் புபா முளையை மட்டுமா பிடுங்கும்? வீட்டையே பிடுங்கிட்டு வரும்" என்றாள்.

இருந்தாலும் முளையை ஆழமாக அடித்திருக்க வேண்டாமா என்று நான் இழுத்தேன்.

"போன வருஷம் பாய்மரம் உடைஞ்சுதே. உன்னை யாராவது வீட்டுக்குப் போன்னு சொன்னோமா?"

தகரக் கதவில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, படுக்கை விரிப்பைக் கட்டி அந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்று யோசனை சொன்னேன். கப்பலுக்கு என்ன காய்ச்சலா, போர்த்திக்கொண்டு போவதற்கு என்று ரோஹி கேட்டாள்.

சிரா வீட்டுக்குப் போகவில்லை. புபாவை வேப்பமரத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். பிறகு வெறும் மூங்கில்களுக்கு நடுவே தலையை நுழைத்து, ஆடு சப்பிப்போட்ட காகிதக் கிழிசல்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கண்ணைத் துடைக்கிறாள், பொறுக்குகிறாள், மறுபடி துடைக்கிறாள்.

ரோஹி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரா, அப்படியே இரு, அசையாத" என்றாள். "உசைனு, இங்க வந்து பாரு. கப்பல்ல ஆள் இருக்கு."

பார்த்தேன். சிரா முகத்துக்குப் பின்னால், எதிர்ப்பக்கக் காகிதத்தின் மீனும் நட்சத்திரமும் வெயிலில் மின்னின. நிஜமாகவே கப்பலுக்குள் உட்கார்ந்து பயணம் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"இத்தனை வருஷமா கப்பல் கட்டுறோம். ஒரு தடவையாவது அதுல ஆளை ஏத்தியிருக்கோமா?" என்றாள் ரோஹி. "இந்தப் பக்கத்தை மூடவே வேண்டாம். நம்ம தெருவை உள்ள ஏத்திடலாம்."

தக்காளி டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். மூன்று வாரத் துண்டுகள் குவியலாக விழுந்தன. முக்கோணம் பாவாடை ஆனது. வட்டம் தலை ஆனது. ஆனாலும் எல்லாம் வெள்ளை. வர்ணத்துக்கு எங்கே போவது?

அதற்கு நான் போனேன். எங்கள் தெருவில் மாமரத்தடியில் மூன்று மாமாக்கள் மதியத்திலிருந்து தேநீர் காய்ச்சிக்கொண்டு கால்பந்துச் சண்டை போடுவார்கள். ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. அவர்கள் எறிந்த தேயிலைப் பெட்டிகள் பச்சையும் சிவப்புமாகக் கிடந்தன. உள்ளே ஜிகினாத் தாள் வேறு. எதற்கடா என்று கேட்டார்கள். சாயங்காலம் தெரியும் என்று சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டு வந்தேன்.

பசைக்கு செசிலியா அத்தை, அடுப்பில் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க, தன் உருண்டைக்கு வைத்திருந்த கடைசி மாவில் ஒரு கை தந்தாள். ரோஹி அதில் வேப்பிலைச் சாறு பிழிந்தாள். பச்சையாக, மோந்து பார்த்தாலே முகம் கோணுகிற பசை. நான் கேட்காமலே புரிந்துகொண்டேன். சிரா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அப்புறம் ரோஹியின் கத்தரி ஓடியதைப் பார்க்க வேண்டுமே. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர். தலைக்குமேல் மீன் கூடையோடு ஜைனபா அக்கா. நீட்டிய காலும் கெட்டிலுமாக மூன்று மாமாக்கள். வாணலியோடு செசிலியா அத்தை. சைக்கிளில் ரொட்டிக்காரர். பள்ளிக்கூட வாத்தியார் மூக்குக் கண்ணாடியோடு. வால்பக்கத்தில் புபா, வாய் சிவப்பு நூலால் கட்டப்பட்டு. சிரா ஒவ்வொருவரையும் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். நான் பாய்மரத்துக்கு இன்னும் இரண்டு முட்டு கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே என்னைத் தேடினேன். நான் இல்லை.

கேட்க வாய் வரவில்லை. அப்படிப் பேசியவனுக்குக் கப்பலில் இடம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நியாயம்தான். முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

ஏழு மணிக்குத் தூக்கினோம். உள்ளே பேட்டரி விளக்கு. முன்பக்கம் நான், பின்பக்கம் சிராவும் ரோஹியும். சின்னப் பிள்ளைகள் டின்னில் தாளம் போட்டார்கள். ரொட்டிக்கடை வந்தபோது அண்ணாந்து பாய்மரத்தையே பார்த்தேன். பாய்மரம் நின்றது. கடை தாண்டியது. நான் மூச்சு விட்டேன்.

தெருமுனையில் சைக்குவின் கப்பல் வந்து நின்றது. இரண்டு பக்கமும் ஜரிகை மாதிரிக் காகிதம், எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு பெரிசு. அழகில்லை என்று சொன்னால் பொய். ஜனங்கள் பார்த்தார்கள், கை தட்டினார்கள்.

எங்கள் கப்பலைப் பார்த்து சைக்கு வாயைத் திறந்தான். "என்னடா இது, பாதிக் கப்பல்? மீதியை யாரு தின்னா?"

அவன் கேள்விக்குச் சரியான பதில் எங்களிடம் இருந்தது. மூவரும் வால்பக்கத்துக் காகிதப் புபாவைப் பார்த்துக்கொண்டோம். அப்போது தையல்காரர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏய், இது நான்தானே? நாடா இருக்கு பாரு" என்றார்.

அவ்வளவுதான். ஜைனபா அக்கா ஓடிவந்தாள். மாமாக்கள் மூவரும் தேநீரை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள், இது எங்கள் தெருவில் இதுவரை நடக்காதது. யார் கையில் கெட்டில் என்று அங்கேயே ஒரு சண்டை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு காகித வாத்தியாரின் கண்ணாடியைப் பார்த்தார். செசிலியா அத்தை மாவு ஒட்டின கையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்தே நின்றாள். வேறு தெரு ஆட்கள் எட்டிப்பார்க்க இடமில்லாமல் கழுத்தை நீட்டினார்கள்.

சைக்குவும் குனிந்தான். நிமிர்ந்தபோது முகத்தில் கேலி இல்லை.

"யாரு வெட்டினது?"

"ரோஹி" என்று நான் கத்தினேன். கத்தின கத்தில் தெரு திரும்பிப் பார்த்தது. மூங்கில் யாருடையது என்று சொல்ல எனக்கு ஞாபகமே வரவில்லை. அவ்வளவு பெருமை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது.

சைக்கு கொஞ்சம் தயங்கி, தன்னைப்போலவும் ஒன்று வெட்டித் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டான். ரோஹி இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தாள். நின்ற இடத்திலேயே வெட்டினாள். வாயைக் கொஞ்சம் பெரிசாகத்தான் வெட்டினாள்.

ஊர்வலம் செசிலியா அத்தை வீட்டில் முடிந்தது. உருண்டையும் வோஞ்ஜோ பூச்சாறும் வந்தன. ரோஹி ஒவ்வொருவரையும் நூலிலிருந்து அவிழ்த்து, கிறிஸ்துமஸ் பரிசு என்று அவரவர் கையில் கொடுத்தாள். அத்தை தன்னுடையதை கிறிஸ்துமஸ் குடிலின் மாட்டுக் கொட்டில் பொம்மைகளுக்குப் பக்கத்தில், மேய்ப்பர்களோடு நிற்க வைத்தாள். வாணலியோடுதான்.

கப்பல் காலியாகிக்கொண்டே வந்தது. நான் கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி ஒதுங்கினேன்.

"உசைனு, உனக்கு வேண்டாமா?" என்றாள் சிரா.

பாய்மரத்தின் அடியைக் காட்டினாள். வெளியே தெரியாத இடத்தில், நான் கொடுத்த முட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன ஆள். இரண்டு கையாலும் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரோஹி வெட்டியது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு கால் குட்டை. ஒரு காது பெரிசு. நான் மாமரத்தடிக்குப் போயிருந்தபோதே சிரா என்னைத்தான் முதல் ஆளாக வெட்டி வைத்திருந்து, நான் முட்டு கொடுத்து முடித்த பிறகு அங்கே ஒட்டியிருக்கிறாள். ரோஹி சிரித்துக்கொண்டே நின்றாள்.

"நீ புடிச்சுக்கிட்டதாலதான் இன்னிக்குப் பாய்மரம் நின்னுச்சு" என்றாள் சிரா.

அவளிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அப்போதுதான் கேட்டேன். சரி விடு என்று சொல்லி ஒரு உருண்டையை என் கையில் வைத்தாள்.

அந்தக் காகித ஆள் இப்போது என் கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிறான். அந்தக் கப்பலில் ஏறின எல்லோரிலும் அழகாக வெட்டப்பட்டவன் அவன்தான். ஒரு கால் குட்டை என்று யாராவது சொல்வதாக இருந்தால், என்னிடம் நேரில் வந்து சொல்லட்டும்.