கன்னத்தில் ஒரு நீலம்

பாயைப் போட்டு மூடியிருந்தார்கள்.

பாய்க்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஆடு மேய்க்கும் எல்மேதியின் பாதங்கள்.

பாலைவனத்து மெனாகா சந்தை பாயைச் சுற்றிக் கூடியிருந்தது. விடிகாலையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ஹெலிகாப்டர் வந்தது. சுட்டது. போய்விட்டது.

"கையில துப்பாக்கி இருந்துச்சாமே?"

"ஆட்டுக்கு முள்ளுக்காய் தட்டுற கம்புய்யா அது."

"பின்ன எப்படி...?"

"எவனோ போன் போட்டிருக்கான். தீவிரவாதி வர்றான்னு ஒரே ஒரு வார்த்தை. அம்புட்டுதான்."

லாரியிலிருந்து உப்புப் பாளம் இறக்கிக்கொண்டிருந்த அத்தாஹர் நிமிர்ந்தான்.

ஒரு வார்த்தை... அவ்வளவு போதுமா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அகாலி வந்தான். பட்டாளத்துக்குத் துபாஷி. அவர்கள் பேசுவதை ஊருக்கும், ஊர் பேசுவதை அவர்களுக்கும் சொல்கிறவன். தலையில் கானோ நகரத்துச் சாயம் ஏற்றிய நீலத் தலைப்பாகை மயில் கழுத்தாக மின்னியது. அந்தச் சாயம் தொட்டால் ஒட்டும். ஒட்டினால் லேசில் போகாது. அதைக் கட்டுகிற வசதி ஊரிலேயே அவன் ஒருத்தனுக்குத்தான்.

அத்தாஹரின் தலையில் இருந்தது வெளுத்த கந்தல். கண் மட்டும் தெரியச் சுற்றியிருந்தான். வாயைக் காட்டுகிறவனை அந்த ஊரில் ஆம்பிளை என்று சொல்ல மாட்டார்கள்.

"என்ன அண்ணே, உப்பு சுமந்து சுமந்து நீங்களே உப்புக்கண்டம் ஆயிட்டீங்க. எங்க ரக்கியாவுக்குப் பல்லு வலிக்கலையா?" என்றான் அகாலி. "கூடாரத்தை எப்போ என் பக்கம் மாத்துறாளாம்?"

பிணத்தைச் சுற்றி நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ரக்கியா அத்தாஹரின் மனைவி. அந்த ஊரில் கூடாரம் பெண்ணுக்குத்தான் சொந்தம். அகாலி அவளுக்கு மாமன் மகன். மாமன் மகன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சாவு வீட்டில்கூடச் சொல்லலாம். புருஷன்காரன் சிரிக்க வேண்டும். முறைத்தால் அவன்தான் கோமாளி.

அத்தாஹர் சிரித்தான். துணிக்குள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு.

மதியம் கூடாரத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான்.

ரக்கியாவின் வலது கன்னத்தில்... நீலம்.

விரல் நுனிகளிலும் நீலம்.

"அது என்ன கன்னத்துல?"

"எது? அடுப்புக் கரியா இருக்கும்."

கரி எந்த ஊரில் நீலமாக இருக்கிறது?

"அகாலி வந்தானா?"

"வந்தான். டீ குடிச்சான்."

"எத்தனை கிளாஸு?"

"மூணும்தான். ரெண்டோட எழுப்பி விட்டா மரியாதையா?"

மூன்றாவது கிளாஸ் கொதித்து வருவதற்குள் ஒரு லாரி உப்பை இறக்கிவிடலாம்.

"இம்புட்டு நேரம் என்ன பேசினீங்க?"

"நாளைக்குச் சொல்றேன்." சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

அந்தச் சிரிப்பு போதும். அத்தாஹர் வெளியே வந்தான்.

பட்டாளம் விநியோகித்த துண்டுத்தாள் சட்டைப்பையில் இருந்தது. அதில் துப்புக் கொடுக்க ஒரு நம்பர். ஒட்டகத்தின் மறைவில் நின்று போனை எடுத்தான். தொண்டையை இறுக்கிக் குரலை மாற்றிக்கொண்டான்.

மறுமுனையில் வேறொரு துபாஷி. நல்லவேளை... அகாலி இல்லை.

"நாளைக்குச் சாயங்காலம் பழைய கிணத்துக்கு ஒருத்தன் வருவான். நீலத் தலைப்பாகை. அவன்..." இருமல் வந்தது. உப்புத் தூசி இருமல். "அவன் தீவிரவாதி."

"பேரு?"

பேரைச் சொன்னால் சொந்தத் துபாஷியையா சுடுவார்கள்?

"பேரு தெரியாது. தலைப்பாகையைப் பாருங்க. போதும்."

மறுநாள் சாயங்காலம். அகாலி தினமும் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்ட வரும் நேரம். அத்தாஹர் கிணற்றை ஒட்டிய மணல்மேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தான். எல்மேதியின் பாதங்கள் கண்ணுக்குள் வந்தன. விரட்டினான். அந்த இடத்தில் நீலக் கன்னம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பின்னால் காலடி.

ரக்கியா... கையில் ஒரு பொட்டலம்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு அகாலி சொன்னான். கண்ணை மூடுங்க."

"போடி... முதல்ல வீட்டுக்குப் போ."

"விடிஞ்சா பெருநாள். மூடுங்கன்னா மூடுங்க."

கந்தல் உருவப்பட்டது. புதுத்துணி தலையைச் சுற்றியது. ஒரு சுற்று... இரண்டு... மூக்கில் சாய வாசனை ஏறியது.

கண்ணைத் திறந்தான்.

கானோ நீலம்!

"என் வெள்ளாடு ரெண்டைக் கொடுத்து, அகாலிகிட்ட சொல்லி வரவழைச்சேன். நேத்துதான் கொண்டாந்தான். சரியா இருக்கான்னு நானே கட்டிப் பாத்தேனா, கன்னமெல்லாம் ஒட்டிக்கிச்சு. ஊருக்குள்ள இனிமே நீங்களும் நிமிந்து நடக்கலாம்."

அத்தாஹர் வானத்தைப் பார்த்தான்.

"அகாலி... அகாலி எங்கே?"

"பட்டாளத்தோட கிளம்பிட்டான். நீலத் தலைப்பாகை கட்டினவன் எவனோ வர்றானாம். ஆளை அடையாளம்..."

அவள் முடிக்கவில்லை. கை வாய்க்குப் போனது.

வானத்தில் படபடவென்று சத்தம்.

ஹெலிகாப்டர் தாழ்ந்தது. மணல் எழும்பியது. அத்தாஹர் ரக்கியாவைத் தள்ளிவிட்டுத் திறந்த வெளிக்கு ஓடினான். அவள் மேல் குண்டு படக் கூடாது. ஓடிக்கொண்டே தலைப்பாகையைப் பிய்த்தெறிந்தான். மனைவி பார்க்க, ஊர் பேர் தெரியாத சிப்பாய்கள் பார்க்க, வாயும் மூக்கும் அம்மணமாக முழங்காலிட்டான்.

குண்டு வரவில்லை.

காக்கித் துணியால் முகத்தைச் சுற்றிய ஒருவன் குதித்து வந்தான். அகாலி!

"நேத்து வந்த போனை நாலு தடவை போட்டுக் காட்டினாங்க அண்ணே. குரலை மாத்திட்டீங்க. இருமலை மாத்தலையே."

"தெரிஞ்சுமா... இவளை இங்க அனுப்பினே?"

"சுட வேணாம்னு சொல்லி ஒத்துக்க வச்சுட்டுத்தான் அனுப்பினேன். நம்ம முறைக்குக் கேலி செய்யலாம். நீங்க கொலையே செய்யப் பாத்தீங்க." சிரித்த கண்கள் கொஞ்சம் தாழ்ந்தன. "எல்மேதிக்காகப் பேச நேத்து ஹெலிகாப்டர்ல நான் இல்லாம போயிட்டேன் அண்ணே."

ரக்கியா எழுந்து வந்தாள். தலைப்பாகையைப் பொறுக்கி, மணலை உதறி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கூடாரம் என்னோடது. இன்னையிலேருந்து நீங்க ஒட்டகத்தோட படுங்க."

அத்தாஹர் வாயைக் கையால் பொத்தினான். கையிலும் நீலம். உதட்டிலும் நீலம்.

துப்பாக்கியை இறக்காமல் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய் ஏதோ கத்தினான். அகாலி திரும்பி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன... என்னவாம்?"

"இவன் தீவிரவாதியான்னு கேட்டான் அண்ணே. 'இல்ல, புருஷன்'னேன்."