ஒழித்து வைத்த வீடு

கழுவித் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, மின்விசிறியையும் ஓடவிட்டிருந்த முன்னறைத் தரையில் ஈரம் இருந்தது. சும்மா ஈரமில்லை. தோளில் அகன்று, இடுப்பில் ஒடுங்கி, கால்மாட்டில் இரண்டாகப் பிரிந்து, யாரோ மல்லாந்து படுத்து எழுந்து போன ஈரம்.

உமா மகேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். ஒழுகிய அடையாளமே இல்லை. சாரல் சுவருக்குள் இறங்குகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் மேலகரத்தில் அப்பளம் எண்ணெய்ச் சட்டியிலேயே நமத்துப்போகும். தரை மட்டும் விறைப்பாகவா இருக்கும்?

சாயங்காலம் செங்கோட்டையிலிருந்து நல்லதம்பி வீடு பார்க்க வருகிறார். காலி வீடாகக் காட்டினால்தான் பேச்சே என்று சொல்லிவிட்டார். அவர் வாங்கினால் அவள் கோயம்புத்தூருக்கு, மகளிடம் போய்விடுவாள். வாங்காவிட்டால் இன்னொரு சாரலை இங்கே ஒற்றையாகக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை.

அந்த வீட்டில் சேர்ந்து கிடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐஸ்கிரீம் டப்பாக்களை மட்டும் வரிசையாக வைத்தால் மலையேறிக் கேரளத்துக்குள் போய்விடும். கணவர் இருந்தவரை, அருவியில் குளிக்க வரும் சீசன்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள் அவை. அவர் போன பிறகு அவள் பொருள்களால் நிரப்பினாள். உள்ளே போன எறும்பு திரும்ப நினைத்தால் பின்பக்கமாகவே நடந்துதான் வெளியே வர வேண்டும். மகள் ஜெயபிரியாதான் போனில் வழி சொன்னாள்.

"எம்மா, ஒரே மூச்சுல ஒழிக்கேன்னு இடுப்ப ஒடிச்சிக்கிடாத. பால் பொங்குத நேரத்துல ஒரு டிராயரு. வாசலுக்குப் போறியா, வெறுங்கையோட போகாத, ஒண்ணத் தூக்கிட்டுப் போ. தெனமும் இப்படிப் பழகு."

"ஏட்டி, உங்கப்பா வாங்குன பிளாஸ்க்குக்கே ஒரு கப்பல் வேணும்."

"அந்த மூடியில்லாததுல இருந்து ஆரம்பிம்மா."

பழகிக்கொண்டாள். கப்பல் கப்பலாகப் போயிற்று. அறைகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின.

நேற்று முன்னறையை முடித்து, காற்று வரட்டும் என்று தெருக்கதவைத் திறந்து போட்டிருந்தாள். அடுக்களையில் நிற்கும்போது வாசற்படியில் ஈரக்கால் சத்தம். சளப், சளப். அறை தேடி வருகிற சீசன்காரர்கள் என்றுதான் நினைத்தாள். எத்தனை வருடத்துப் பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது.

"வாங்க, வாங்க! குளிச்சாச்சா? எடம் தாராளமா கெடக்கு!"

வந்து பார்த்தால் ஆளில்லை. தன் வாயை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

இன்று கடைசி அறையும் காலி. கிழிந்த மெத்தையை வாசலில் போட்டுவிட்டு, அடுக்களைக்குப் போய்க் காப்பிக்கு அடுப்பை மூட்டினாள். பொழுது சாயும் முன்பே மேகம் ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் வெளிச்சம் பழைய கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கியது. வெற்று அறைகளில் அவள் கரண்டி வைத்த சத்தம்கூட ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

சளப், சளப்.

இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை.

ஈரக்கால்கள் நிற்கவும் இல்லை. படியேறின. உள்ளே வந்தன. நல்லெண்ணெய், சீயக்காய், பாசி, ஊறிப்போன துணி என்று வாடை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்களைக்குள் நுழைந்தது. யாரோ துண்டைப் பிழிந்தார்கள். தண்ணீர் சொட்டியது. ஒரு வளையல் சிணுங்கியது. ஒரு குழந்தை இருமியது. "உஷ்" என்று அதை அடக்கினார்கள்.

அருவிக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்களா என்று இந்தப் பக்கத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

போன் அடித்தது. நல்லதம்பி.

"யக்கா, வாசல்ல நிக்கேன். காலி வீடுன்னுதான சொன்னிய? இங்கன செருப்பு விட எடமில்ல. வீட்டுல விசேஷமா?"

"செருப்பா? ஆரு செருப்பு, அண்ணாச்சி?"

"நல்லா கேட்டிய போங்க. எல்லாம் நனைஞ்சி கெடக்கு. உள்ள கூட்டமா தெரியுதே. சீசனுக்கு ஆள் வச்சிக்கிட்டு என்னய வரச் சொன்னா எப்படிக்கா? நான் பொறவு வாரேன்."

"போகாதிய அண்ணாச்சி! நான் வெளிய வந்திருதேன்!"

மோட்டார் சைக்கிள் உறுமியது. தேய்ந்தது.

ஓடினாள். நடு அறை நிலைப்படியில் கால் நின்றுவிட்டது.

தரை தெரியவில்லை.

சுவரோடு சுவராக, தலையெல்லாம் ஒரே பக்கம். ஆண்கள். பெண்கள். நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். ஊறி வெளுத்த பாதங்கள். கன்னத்தில் ஒட்டிய முடி. திறந்த கண்கள். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர், ஓசையில்லாமல்.

தெருக்கதவு அவர்களுக்கு அந்தப் பக்கம்.

ஒரு குழந்தை எழுந்தது. யாரையும் மிதிக்காமல் நடந்து போனது. தாழ்ப்பாளைப் போட்டது. திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

பிறகு நடுவில் கிடந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஒருக்களித்தார்கள். ஒருத்தி தன் ஈரக் கூந்தலை வாரி ஒதுக்கினாள். இடையில் தரை தெரிந்தது. ஓர் ஆள் அகலம்.

அதைக் கையால் தட்டினாள். மெதுவாக. பிள்ளையைப் படுக்கக் கூப்பிடுவதுபோல.