மூன்றாவது படுக்கை

மூடி வைத்த பை திறந்து கிடந்தது.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்த யோகலட்சுமி படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு அவள் கையாலேயே ஜிப்பை இழுத்து மூடிய கேமராப் பை அது. இப்போது கட்டிலில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் கேமரா, மூன்று லென்சுகள், நான்கு பேட்டரிகள், சார்ஜர், மெமரி கார்டு டப்பா, எல்லாம் ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு, பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிற வரிசையில். அவள் வீட்டுக்காரர் பேச்சிராஜா அப்படித்தான் செய்வார். எங்கே கிளம்பினாலும் சாமான் அத்தனையையும் துண்டில் பரப்பி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார்.

பேச்சிராஜா செத்து ஐந்து மாதம் ஆகிறது.

வீட்டு வேலைக்கு வரும் சங்கரேஸ்வரி காலை ஒன்பதுக்கே போய்விட்டாள். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஊருக்குப் போகிற பதற்றத்தில் மூடியதாக நினைத்துக்கொண்டோம் போலிருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, யோகலட்சுமி எல்லாவற்றையும் வாரிப் பைக்குள் போட்டாள். வரிசையில்லாமல். வேண்டுமென்றே வரிசையில்லாமல்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் பையை அவள் தொட்டதில்லை. தொட அவர் விட்டதில்லை. தாலுகா ஆபீசில் வேலை, வீட்டுக்கு வந்தால் கேமரா, ஞாயிற்றுக்கிழமை ஆனால் குருவிகுளம் பக்கம் கண்மாய்களில் பறவை. அவருக்கு அதுதான் உலகம். "உன் கையில எப்பவும் ஈரம்ட்டி, லென்சுல பூஞ்சை பிடிச்சிரும்" என்பார். இப்போது மகள் அனுவுக்காகத்தான் இந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. அனு இருப்பது நியூசிலாந்தில். வீட்டையே சக்கரத்தில் ஏற்றியதுபோல் ஒரு வண்டி, அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, கக்கூஸ். அதை வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு நாள் அம்மாவும் மகளும் சுற்றுவதாக ஏற்பாடு. "அப்பா கேமராவ எடுத்துட்டு வாம்மா, அப்பா ஆசப்பட்ட எடத்துல எல்லாம் படம் எடுப்போம்" என்று சொல்லி அழுதிருந்தாள். தலைத்திவசம்கூட முடியாமல் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று நாத்தனார் கோமதியம்மாள் தெருவெல்லாம் பேசிக்கொண்டு திரிவது யோகலட்சுமிக்குத் தெரியும். பேசட்டும்.

ஐந்தரைக்கு மதுரைக்குக் கார் வரும். மணி மூன்று.

பின்தெரு விசைத்தறிகள் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தடதடப்பு கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டுச் சுவரோடு ஒட்டியே இருப்பது. இருக்கிறது என்பதே காதுக்கு மறந்துபோனது. திடீரென்று கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக இழுத்து மூச்சுவிட்டு நிற்க, மின்விசிறி இரண்டு சுற்று சுற்றித் தளர, பங்குனி மாதத்து வெக்கை ஓடு இறங்கி வந்து அறையில் உட்கார்ந்தது. அந்த அமைதிக்குள் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். கூடவே வேப்பெண்ணெய்ச் சோப்பு வாசனை, இப்போதுதான் யாரோ குளித்துவிட்டுக் கடந்து போனதுபோல.

அவர் மட்டுமே போடும் அந்தச் சோப்பை அவள் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது.

போன் அடித்தது. அனு.

"அம்மா, தூங்கப் போனேன், அதுக்குள்ள வண்டிக்காரங்ககிட்டேருந்து மெயில். மூணாவது ஆளா அப்பா பேர ஏத்தியிருக்காங்க. மூணாவது படுக்கையும் போட்டுத் தாரோம்னு போட்டிருக்கு. அப்பா போன்ல நீ எதையும் அமுக்கினியா?"

"அந்தப் போன நான் தொடவே இல்ல மக்கா. பீரோவுலதான் கெடக்கு."

"கோவமா கேக்கலம்மா. அப்பா ஞாபகத்துல எதும்..." அனு நிறுத்தினாள். "பின்னால என்னம்மா சத்தம்? யாரு குளிக்கா?"

"யாரும் இல்ல. அடுத்த வீட்டுல."

போனை வைத்ததும் தன் பொய் அவளுக்கே உறைத்தது. அடுத்த வீடு பூட்டிக் கிடந்து ஒரு வருஷம் ஆகிறது.

கூடத்தின் கடைசியில் இருக்கும் குளியலறையை அவர் செத்ததிலிருந்து அவள் திறக்கவில்லை. வெளியே பூட்டுப் போட்டு, புழக்கடையில் இருப்பதைத்தான் பயன்படுத்துகிறாள். ஈரம், ஓதம், பல்லி, காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று சொன்னாள். உண்மைக் காரணம் ஒன்று உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் அவர் இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டார். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். அவளும் திருநெல்வேலிக்குப் போய் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி, பீரோவில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தாள். ஐப்பசியில் ஒருநாள் காலை, மேசையைத் துடைக்கும்போது டிக்கெட்டைப் பார்த்தாள். ஒரே பெயர், அவருடையது. கேட்டதற்கு, தோளில் துண்டோடு குளிக்கப் போய்க்கொண்டே சொன்னார்: "ஒனக்கு அந்தக் குளுரு ஒத்துக்கிடாதுட்டி. ரெண்டு பேரும் போனா வீட்ட யாரு பாக்க?"

அவள் அடுப்படிக்குப் போனாள். கல்லில் மாவு ஊற்றினாள். குளியலறையிலிருந்து அவர் கூப்பிட்டார். "யோகு..."

கூப்பிடட்டும் என்று இருந்தாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கூப்பிடுகிறவர்தானே. இரண்டாவது குரல் தணிந்து வந்தது. மூன்றாவது, குரலா தண்ணீரா என்று பிரிக்க முடியாத ஒன்று. அவள் இரண்டு தோசை சுட்டாள். உட்கார்ந்து, சட்னி தொட்டு, இரண்டையும் தின்றாள். பிறகுதான் போய்க் கதவைத் தட்டினாள்.

அடுப்படிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் நம்பினார்கள். அனு கட்டிப்பிடித்து அழுதாள்.

சொட்டுச் சத்தம் நின்றது.

யோகலட்சுமி வேகமாகப் படுக்கையறைக்குப் போனாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டும், கார் வரும்வரை தெருவிலேயே நிற்க வேண்டும், எதிர் வீட்டு மைமூனம்மாளோடு ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. காலையில் ஒற்றைக் கையால் நகர்த்திய பெட்டி. திறந்தாள். அவளுடைய சேலைகளுக்கு மேல் அவருடைய சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சவரக் கத்தி. சாம்பல் நிற மப்ளர். பதினாறாம் நாள் குப்பையில் வீசிய அவருடைய மாத்திரை டப்பா, கிழமைக்கு ஒரு குழியாக. இன்று வியாழன். திங்கள் காலி. செவ்வாய் காலி. புதன் காலி. வியாழனும் காலி.

பக்கத்தில் கட்டிலில் வெள்ளைத் துண்டு மட்டும் விரித்திருந்தது. கேமராப் பையைக் காணவில்லை.

"யோகு."

கூடத்திலிருந்து. குளியலறைப் பக்கமிருந்து. கோபமில்லாத, அவசரமில்லாத குரல். தண்ணீர் நிறைந்த வாயால் பேசுவதுபோல் வழுவழுவென்று.

அவள் அசையவில்லை.

"யோகு."

ஓடலாம். கூடத்தைத் தாண்டித்தான் ஓட வேண்டும். பிறகு ஏதோ ஒன்று அவளுக்குள் முறிந்தது. அன்றைக்குப் போகாததற்கு இன்றைக்காவது போய்விட்டால் விட்டுவிடுவார் என்று ஒரு கணக்கு, பைத்தியக்காரக் கணக்கு, தோன்றிற்று. சாமி மாடத்திலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள்.

"வந்துட்டேங்க" என்றாள். வாய் குழறியது. "கேட்டுச்சு. அன்னைக்கே கேட்டுச்சு. வேணும்னுதான் வரல."

உள்ளே யாரும் இல்லை. தரை காய்ந்து, தூசி படிந்து, மூலையில் சிலந்திவலை. குழாய் வறண்டிருந்தது. சோப்பு வாசனைகூட இல்லை. அவள் கதவு நிலையில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். ஐந்து மாதமாக வராத அழுகை. கரண்ட் வந்தது. தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, நெஞ்சு லேசாகிவிட்டது.

வெளியே கார் ஹாரன்.

வாசல் கதவு தாழ் விலகியிருந்ததை அவள் கவனித்தாள். தானே திறந்திருக்கலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். சாய்ந்த வெயிலில் கண் கூசியது. கார் ஸ்டாண்டிலிருந்து புதிதாக அனுப்பிய டிரைவர், மாரிக்கண்ணன் என்று போனில் பேர் சொன்னவன், சிரித்த முகமாய் உள்ளே போய்ப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து டிக்கியில் ஏற்றினான்.

"வேற சாமான் உண்டுமாம்மா?"

"ஒரு கருப்புப் பை இருந்துச்சுப்பா. கேமராப் பை. காணல."

"அது வண்டில இருக்கும்மா. டிக்கில வைக்கட்டான்னு கேட்டேன், அண்ணாச்சி தரமாட்டேன்னு மடியிலயே வச்சிக்கிட்டாவ." குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியலையோ? பேச மாட்டேங்காவ. குளிச்சிட்டுத் துவட்டாமயே வந்துட்டாவ போல. சீட்டெல்லாம் ஈரம்."

எதிர் வீட்டு வாசலில் மைமூனம்மாள் கையசைத்து, "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றாள்.

மாரிக்கண்ணன் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

உள்ளே இருட்டாக இருந்தது. சோப்பு வாசனை. முதலில் பை தெரிந்தது. பிறகு அதன்மேல் கோத்திருந்த கைகள், தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. மூக்கில் பஞ்சு. திறந்த கண்கள் நேரே முன்னால் பார்த்தபடி.

"ஏறுங்கம்மா, நேரமாச்சு."

அது மெல்ல, காலிரண்டும் சேர்த்துக் கட்டியவர்கள் நகர்வதுபோல் மொத்த உடம்போடு, ஓரத்துக்கு நகர்ந்தது. அவளுக்கு இடம் விட்டது. ஒரு கை பையிலிருந்து எழுந்து, காலியான இருக்கையில் தேங்கியிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தை இரண்டு தடவை தட்டிக் காட்டியது.