வாய் தைத்த கூடுகள்

நதீமின் கூடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. சுலாஃபா பக்கத்துக் கூட்டைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

போரில் காணாமல் போனவர்களின் உடைகளைக் கிழித்துத் திரித்து, தூக்கணாங்குருவிக் கூடுகளாக முடைந்து, பெய்ரூட்டின் அந்த மாடியறைக் கூரையில் தொங்கவிட்டிருந்தாள். பேசவிடாமல் செய்யப்பட்டவர்கள் என்பதால் ஒவ்வொரு கூட்டின் வாயையும் கறுப்பு நூலால் தைத்திருந்தாள். நாளை கண்காட்சி.

காலையில் வந்த நதீமின் தாய், ஊர் வழக்கப்படி மகன் பெயராலேயே அழைக்கப்படும் உம் நதீம், மகனுடைய சட்டையின் நீலக் கோடுகளைக் கண்டதும் கொதித்துப் போனாள்.

"அவன் வாயை அவனுங்க அடைச்சது பத்தலையா? நீயும் தைக்கணுமா?"

"ஒரு அடையாளத்துக்குத்தாம்மா."

"அடையாளமா? நாப்பது வருஷமா அவன் அடையாளத்தைத் தேடித்தானே அலையறேன், எங்கிட்டயேவா? சாயங்காலம் வரேன். பிரிச்சு வை."

அதிலிருந்து சுலாஃபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்பி போட்டாள், குடிக்காமல் கொட்டினாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், கடற்காற்றின் உப்பும் ஜெனரேட்டரின் டீசல் புகையும் உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்திய பிறகும், பழந்துணிகளின் பாச்சை உருண்டை நெடிக்கு நடுவே, இப்போதுதான் எங்கிருந்தோ ஓடிவந்து நின்றவனின் வியர்வை வாடை அறையெங்கும் பரவிக்கொண்டிருந்தது.

தெருவில் ஜெனரேட்டர் நின்றது.

அந்த அமைதியில், நூலோடு நூல் உரசும் மெல்லிய சத்தம். காற்றே இல்லாமல் கூடுகள் மெதுவாகத் திரும்பின. தைத்த வாய்களெல்லாம் அவள் பக்கம்.

பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தாள். நதீமின் கூட்டில் ஒரு தையலை வெட்டினாள். இன்னொன்று. கடைசித் தையல் விட்டதும் உள்ளிருந்து எதுவும் வெளியே வரவில்லை. உள்ளே இழுத்தது. நீண்ட மூச்சு. அவள் முடி அதன் பக்கம் சாய்ந்தது.

அலறினாள்.

சத்தம் இல்லை.

தொண்டை அதிர்ந்தது. நாக்கு புரண்டது. சத்தம் மட்டும் இல்லை.

படிக்கட்டில் செருப்பொலி. கதவுக்கு வெளியே உம் நதீமின் இரைப்பு.

"சுலாஃபா! உள்ள இருக்கியா?"

வராதீங்க. ஓடிப் போயிடுங்க. உதடுகள் வெறுமனே அசைந்தன. கதவை நோக்கி ஓடப் பார்த்தாள். கால் நகரவில்லை.

"இருக்கேம்மா," என்றது கூடு, அவளுடைய குரலில். "தாழ் போடலை. வாங்க."

கைப்பிடி திரும்பியது. கூரையில் கறுப்பு நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. எல்லா வாய்களும் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தன.