நாளைக்கு வருவாங்க

காலைக் கஞ்சியை டிரைவர் தாத்தா வேண்டாம் என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த முதியோர் இல்லத்தில் யாரும் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் கிண்ணத்தையும் எட்டிப் பிடிக்கிற ஆள். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை, தலைக்குள் மட்டும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"டேங்க் ஃபுல்லும்மா. பையன் ஊட்டிவிட்டுத்தான் போனான்."

ஆயாக்களில் மூத்தவளான பெரியக்கா, கிண்ணமும் கையுமாக மேனேஜரைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள். "பாத்தீங்களா மேடம்? நாளைக்கு நாளைக்குன்னு நாம இழுத்தடிச்சதுல, தாத்தா தானே வரவழைச்சுக்கிட்டாரு."

மேனேஜர் சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் என்பதால். பிறகுதான் நாற்காலியைப் பார்த்தாள். பார்க்க வருபவர்களுக்கென்று நடையின் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று, தாத்தாவின் தலைமாட்டுக்கு நெருக்கமாக, முழங்கால் கட்டிலில் இடிக்கும் தூரத்தில் போடப்பட்டிருந்தது. உட்காரும் இடத்தில் ஈரம் பூத்திருந்தது. பினாயில், மூத்திரம், வேகவைத்த அரிசி என்று அந்தக் கட்டடத்துக்கென்றே இருந்த வாடைகளுக்கு அடியில், பல வருடம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை.

வாசலில் வாட்ச்மேனைக் கேட்டாள்.

"ஈ காக்கா உள்ள வரல மேடம். வந்திருந்தா என் கண்ணுல மண்ணத் தூவிட்டுத்தான் வந்திருக்கணும்."

நாற்காலியைத் துடைத்து அடுக்கச் சொல்லிவிட்டு, மருந்துக் கடைக்காரனிடம் ஃபோனில் சண்டை போடப் போனாள்.

'நாளைக்கு' அவள் கொண்டுவந்தது. அவள் பொறுப்புக்கு வரும் முன்பு ஆயாக்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகணும் என்று அழுபவரிடம், உங்க வீட்டை வித்தாச்சு என்றார்கள். பையன் எங்கே என்பவரிடம், அவர் ஃபோனே எடுக்கிறதில்லை என்றார்கள். பொழுது சாயும்போது ஓர் அறையில் அழுகை கிளம்பினால் போதும், வரிசையாக எல்லா அறையையும் பிடித்துக்கொள்ளும். மூக்குக் குழாயைப் பிடுங்குவார்கள். கட்டில் கம்பியில் தலையை மோதுவார்கள். ஆயாக்களின் முன்கையெல்லாம் நகக்கீறல். அவள் வந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: யார் யாரைக் கேட்டாலும் ஒரே பதில், நாளைக்கு வருவாங்க. இன்றைக்கு என்றால் வாசலையே பார்ப்பார்கள். அடுத்த வாரம் என்றால் நம்பமாட்டார்கள். நாளைக்கு என்பதுதான் சரியான அளவு. விடிந்தால் கேட்டதே மறந்திருக்கும். எந்தக் குரலில் சொல்வது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தாள். அழுகை நின்றது. முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார்.

கடைசி அறையில் இருந்தது அவளுடைய அம்மா. அது முதலாளிக்கு மட்டும் தெரியும். ஆயாக்களுக்குத் தெரிந்தால் பயத்தில் ஒரு கை கூடுதலாகக் கவனிப்பார்கள், கோபம் வந்தால் ஒரு கை குறைத்துக் கவனிப்பார்கள். இரண்டும் வேண்டாம் என்று நினைத்தாள். மறைப்பதில் சிரமமும் இல்லை. கொண்டுவந்து சேர்த்த அன்றே அம்மா அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தடவிப் பார்த்து, "மேனேஜரம்மா, என் பொண்ணு காலேஜ் விட்டு வந்ததும் இங்க அனுப்புங்க. பசியோட வருவா," என்றாள். தினமும் சாயங்காலம் அதே கேள்வி. தினமும் அவள் வாயிலிருந்து அதே பதில். முதலில் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிறகு பார்த்தே சொன்னாள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்வதைப் போல அதையும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

டிரைவர் தாத்தா மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் சாப்பிடவில்லை. ஆனால் இளைக்கவில்லை. பக்கம் மாற்றிப் படுக்கவைக்கப் போன பெரியக்கா மூச்சு வாங்க வெளியே வந்தாள். கட்டட வேலையில் செங்கல் சுமந்து வளர்ந்த உடம்பு அவளுக்கு. கனம் எவ்வளவு என்று கைக்கே தெரியும்.

"பஞ்சு மாதிரி பொரட்டிப் போடுவேன் மேடம் அவர. இன்னைக்கு நாலு சிமெண்டு மூட்ட. மனுசனா கருங்கல்லா?"

"வயசாயிடுச்சு உனக்கு."

"என் வயச வுடுங்க. நீங்க ஒரு கை குடுத்துப் பாருங்க."

அவள் கை கொடுக்கவில்லை. வேலை இருந்தது. மூன்றாவது அறை டீச்சரம்மாவும் சாப்பாட்டைத் தள்ளிவிட்டதாகச் சமையல்கட்டிலிருந்து ஆள் வந்து சொன்னான். மகள் வந்து ஊட்டினாளாம். மகள் இருப்பது விமானம் ஏறிப் போகிற தூரத்தில். டீச்சரம்மாவின் தலைமாட்டிலும் நாற்காலி. அதிலும் ஈரம்.

தாத்தா செத்துப்போனார். தாடையைச் சேர்த்துக் கட்டத் துணியோடு போன பெரியக்கா கட்டாமலே நின்றாள். மேனேஜர் குனிந்து பார்த்தாள். வாய் மூடாது. உள்ளே நாக்கு தெரியவில்லை. தொண்டை வரைக்கும், பல்லிடுக்கு வரைக்கும், சாம்பல் நிறத்தில் ஈரமாக என்னவோ அழுத்தி அழுத்தி அடைத்திருந்தது. பூட்டிய வீட்டு வாடை.

"நாங்க ஊட்டல மேடம். சத்தியமா."

"துணியப் போட்டு மூடு."

பெட்டியைத் தூக்க நான்கு பேர் போதாமல் வாட்ச்மேனையும் கூப்பிட வேண்டியிருந்தது. தாத்தாவின் மகன் வந்திருந்தான். அப்பாவை விட்டுவிட்டுப் போன பிறகு அவன் அங்கே வருவது அன்றுதான். கட்டிலைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், "நல்லா பாத்துக்கிட்டீங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அவளுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. மரப்பு ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் தடித்துக் கிடந்தது.

அன்று மதியமே ஆயாக்களைக் கூட்டினாள். "இனிமே நாளைக்குன்னு யாரும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள் பெரியக்கா.

"எதுவும் சொல்லாதீங்க."

"பழையபடி கீறல் வாங்கணும். அதான? சரி. நமக்கென்ன தோலு, திரும்ப மொளைக்கும்."

பொழுது சாய்ந்தது. அழுகை கிளம்பியது. ஒவ்வொரு அறையாக அது நடையில் ஏறி வர, அவள் கையில் மாத்திரைத் தட்டோடு நடந்துகொண்டேயிருந்தாள். தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் கிடுகிடுவென்றன. டியூப் லைட் ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. கடைசி அறையில் அம்மா மட்டும் அழவில்லை. தலையணையில் முகம் வைத்துக் காத்திருந்தாள்.

"என் பொண்ணு வந்தாளா மேனேஜரம்மா?"

"நாளைக்கு வருவாங்கம்மா."

வாய் சொல்லிவிட்டது. அவள் சொல்லவில்லை, வாய்தான். தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்ல. வரமாட்டா. அம்மா, அவ வரமாட்டா. நான்தாம்மா அது. என்னைப் பாரும்மா."

அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள், தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைச் சமாதானம் செய்வது போல. "பரவாயில்ல. நீங்கதான் நாளைக்குன்னு சொல்லிட்டீங்களே."

ராத்திரி முழுக்க அவள் அந்த அறையிலேயே இருந்தாள். யாரும் வரவில்லை. விடிந்ததும் கார் ஒன்றுக்குச் சொன்னாள், தன் வீட்டுக்கே அம்மாவைக் கொண்டுபோய்விடலாம் என்று. மதியம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் கார் வந்தது. சக்கர நாற்காலி எடுக்க நடையின் அந்தக் கோடிக்குப் போனாள். அவ்வளவு தூரம்தான் போனாள்.

திரும்பும்போது கவனித்தாள். மூலையில் நாற்காலி அடுக்கு இல்லை. ஒன்றுகூட.

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கிடத்தியிருந்தது. விசிறிகள் சுற்றின. குறட்டை இல்லை, இருமல் இல்லை. மூன்றாவது அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டீச்சரம்மாவின் கட்டிலருகே நாற்காலியில் ஒரு முதுகு. அடுத்த அறை. முதுகு. அதற்கடுத்த அறை. இத்தனை வருடமாகச் சொன்ன நாளைக்குகள்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. கடைசி அறை.

ஒற்றைச் சடை. ஒல்லித் தோள். காலேஜ் போன காலத்தில் அவள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்த அதே முதுகு. மடியில் ஒரு கிண்ணம்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ காலம்.

முகத்தைப் பார்க்க வேண்டும். சுவரோடு ஒட்டிக் கட்டிலைச் சுற்றினாள். முதுகு. கால்மாட்டுக்குப் போனாள். முதுகு. ஜன்னல் பக்கம். முதுகுதான். எங்கே நின்றாலும் சடைதான். அம்மாவுக்கு மட்டும் முகம் தெரிந்தது. அம்மாவின் கண் அதிலேயே இருந்தது.

அம்மாவின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள்.

அசையவில்லை.

மறுபடி. முழங்கையில் ஏதோ பிசகியது. அசையவில்லை. நேற்றிரவுகூட இந்தக் கையால் எளிதாகத் திருப்பிப் படுக்கவைத்த உடம்பு. இப்போது கட்டில் முனகியது.

"பெரியக்கா!"

நடையிலிருந்து பெரியக்கா எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "கடைசியில வந்துட்டாங்களா பொண்ணு! இருங்க மேடம், அவங்களே பாத்துப்பாங்க. பெத்தவ வயிறு குளிரட்டும்." போய்விட்டாள்.

"அம்மா. நான். நான்தான்."

அம்மா திரும்பவில்லை. "கொஞ்சம் வெளிய நில்லுங்க மேனேஜரம்மா. எம்பொண்ணு வந்திருக்கா இல்ல."

கால் தானாகப் பின்னால் போனது. நிலைப்படி. அங்கே நின்றாள். கை சக்கர நாற்காலியைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது தெரிந்தது, பிடியை உணரவில்லை.

கரண்டி எழும்பியது. அம்மா ஆ காட்டினாள். விழுங்கினாள். உதட்டோரம் சாம்பல் வழிந்தது. சடை அசைந்தது. கரண்டி.

"போதும்மா."

கரண்டி.

"போதும் கண்ணு. அம்மாவுக்கு நெறைஞ்சிடுச்சு."

கரண்டி.

அடுத்த அறையில் ஓர் ஆண் குரல். "போதும்ப்பா." அதற்கும் அப்பால் டீச்சரம்மா. "போதும்டி. போதும்." வரிசையாக எல்லா அறைகளிலும், மதிய வெயிலில், வாய் நிறைந்த குரல்கள். ஒன்றுகூட அழவில்லை. பிள்ளைகள் மனம் கோணாமல் கெஞ்சுகிற குரல்கள். எல்லா அறைகளிலும் கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டியது.

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. கண்ணால் போதும் என்றாள். சிரித்தபடியே.

மறுபடி வாயைத் திறந்தாள். தாடை எதுவரை திறக்குமோ அதுவரை. அதையும் தாண்டி.