ஏழு மில்லிமீட்டர் கூடுதல்

காதலின் நீளம் ஏழு மில்லிமீட்டர். அளந்தபோது பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர் புளுகுகிறான் என்பீர்கள்... என்னவேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்!

விண்வெளியில் மோதல் நடந்தால் எவ்வளவு பெரிய துண்டுகள் சிதறும் என்று அறிய, எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாதிரிச் செயற்கைக்கோளைக் குண்டு பாய்ச்சி நொறுக்குவார்கள். கடுகளவுத் துண்டையும் வெர்னியர் அளவுகோலால் நுணுக்கமாய் அளப்பவனுக்கு வெர்னியர் என்றே பெயர். கொசு கடித்தால்கூட வீக்கத்தை அளந்துவிட்டுத்தான் சொறிவான்!

அன்று வெளியே பேய்மழை. துண்டுகள் நிறைந்த தட்டோடு அவன் திரும்ப, துண்டுகளைப் படமெடுத்தே அளக்கும் கேமராப் பெட்டியோடு புதிதாய் வந்த அவள் நுழைய... டமார்!

"கண்ணு தெரியலையா?"

"ஆறு கண்ணு இருக்கு சார். எல்லாம் பெட்டிக்குள்ள!"

நிமிர்ந்தான். இமை நுனியில் மழைத்துளி... அணைந்திருந்த விளக்கெல்லாம் தானே எரிந்தன. இருவரும் மண்டியிட்டு, சிதறியதை எல்லாம் தட்டில் அள்ளினார்கள்.

"ஒரே பார்வையில விழுந்துட்டியே தம்பி!" என்றேன்.

"போங்கண்ணே! அளக்க முடியாத எதையும் நான் நம்பறதில்லை."

அவள் காதில் அது விழுந்துவிட்டது.

மேலதிகாரி வந்தார். "ஒரே தட்டை ரெண்டு பேரும் அளங்க. ஒத்துவந்தா கேமராவும் நீயும் இங்கயே இருக்கலாம்மா. இல்லேன்னா கிளம்ப வேண்டியதுதான்."

முதலில் அவள். துண்டுகளைக் கண்ணாடிமேல் கொட்டிப் பரப்பி, அடியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சினாள். திரையில் எல்லாமே கரிய நிழல்கள். பிறகு அவன், ஒவ்வொன்றாய்க் கையால்.

மாலையில் அளவுகள் அச்சாகப் பொருந்தின. ஆனால் கேமராவுக்கு மட்டும் ஒரு துண்டு கூடுதல்! ஏழு மில்லிமீட்டர்.

"நீ அளந்ததுல அது இல்லையாப்பா?"

"என் கணக்குல... இல்ல சார்." அவன் பார்வை தரையில்.

"அப்போ கேமரா தப்பு," என்று போய்விட்டார் அவர்.

அவள் பெட்டியை மூடினாள். வெறும் காதைத் தடவிச் சிரித்தாள். "எல்லாம் தொலையுற நாள் போல. காலையில தோடு... இப்போ வேலை."

பூட்டு 'க்ளிக்' என்றது. வெர்னியர் துள்ளி எழுந்தான்.

"நில்லுங்க! கேமரா சரிதான். அது தட்டுலதான் இருந்துச்சு. சார்கிட்ட நானே சொல்லிடறேன்." சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்... தோடு!

"இதை ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

"குடுத்துட்டா... உங்ககிட்ட வந்து பேச வேற சாக்கு இல்லையே."

"அளந்தீங்களா?"

"மூணு தடவை."

"எவ்வளவு?"

"ஏழு."

அவள் கண்கள் குறும்பாய் மின்னின. "அளக்க முடியாததை நம்பமாட்டீங்களாமே?"

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், காதுவரை சிவந்தான்.

"நம்பறேங்க... எனக்கே நடந்துடுச்சே!"